தைம் என்றால் ஓமவல்லியா?

கவிதையை மொழிபெயர்ப்பதைவிடச் சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பது சிரமம். கவிதையில் ஒரு சொல் தவறினால் இரண்டு விமர்சகர்கள் கோபித்துக்கொள்வார்கள், அத்தோடு போயிற்று. சமையல் குறிப்பில் ஒரு சொல் தவறினால் குழம்பே எழுந்து சாட்சி சொல்லும்.

இந்தத் தொழிலில் என்னை அதிகம் தொந்தரவு செய்த சொற்களில் ஒன்று 'தைம்'. ஐரோப்பியச் சமையலில் மீன், கோழி, உருளைக்கிழங்கு என்று எதை எடுத்தாலும் ஒரு கிள்ளு தைம் வந்துவிடும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரப் புதர். அரிசியளவு இலைகள். குச்சி குச்சியாகத் தண்டு. அகராதியைப் புரட்டினால் 'ஒருவகை நறுமணச் செடி' என்ற மாதிரி விளக்கம்தான் கிடைக்கும். அது துளசிக்கும் பொருந்தும், மருவுக்கும் பொருந்தும், மரிக்கொழுந்துக்கும் பொருந்தும். 'தைம்' என்றே எழுதினால் படிப்பவருக்கு மணம் வராது. 'ஓமம்' என்று எழுதினால் விதையைப் போட்டுவிடுவார். 'ஓமவல்லி' என்றால் மணம் ஓரளவு வரும், ஆனால் செடி வேறு.

சொல்லுக்கு வந்த இதே சிக்கல் செடிக்கும் வந்திருப்பதை அந்தமானில் அரசுப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம் தெரிந்துகொண்டேன். தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் சமையல் நிகழ்ச்சி பார்த்துப் பழகிய அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தைம் வேண்டுமாம். கடையில் காய்ந்த தைம் சிறு குப்பியில் கிடைக்கிறது. பச்சையாகக் கிடைப்பது அரிது. "குவார்ட்டர்ஸ் ஜன்னலில் ஒரு தொட்டி வைத்தால் வளருமா?" என்பது அவர் கேள்வி. வளரும். ஆனால் அதற்கு முன் அந்தச் செடி எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தைம் மேற்கு மத்தியதரைக் கடலோரத்துக் கல்லாங்காட்டில் பிறந்தது. தென் பிரான்ஸின் மார்சேய் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 500 மில்லிமீட்டர். அதுவும் குளிர்காலத்தை ஒட்டித்தான். கோடையில் மழை என்ற பேச்சே கிடையாது. அந்தமானில் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்து வைக்கும். வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் முடித்துவைக்கும். காற்றில் ஈரப்பதம் வருடம் முழுக்கச் சுமார் 80 சதவீதம். துவைத்துப் போட்ட சட்டை இரண்டு நாளாகியும் காயாத ஊரில், வறட்சிக்கென்றே உடம்பை அமைத்துக்கொண்ட செடி எப்படி இருக்கும்? இலையில் பூஞ்சணம் பூக்கும், வேர் அழுகும், ஒரு வாரத்தில் அடித்தண்டு கறுத்துவிடும்.

ஆகவே அந்தமானில் தைமை வீட்டுக்குள் வைப்பது குளிரிலிருந்து காப்பாற்றுவதற்காக அல்ல. ஐரோப்பாவில் எழுதப்பட்ட தோட்டக்கலைப் புத்தகங்கள் பனிக்காக வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்கின்றன. நாம் எடுத்து வைப்பது மழைக்காக. இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொண்டால், அந்தப் புத்தகங்கள் சொல்லும் மற்ற யோசனைகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

தள்ள வேண்டிய முதல் யோசனை 'தெற்கு ஜன்னல்'. வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் நாடுகளில் சூரியன் எப்போதும் தென்வானில்தான் சாய்ந்து போகும். போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டு பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் அங்கே தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். ஜூன் மாதத்தில் தெற்கு ஜன்னலில் வைத்த செடி வெயிலைக் கண்ணாலும் பார்க்காது. சென்னையிலும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்.

நல்லது கிழக்கு ஜன்னல். அதிலும் அந்தமானுக்கு ஒரு சலுகை உண்டு. இந்தியாவின் நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்துக் கணக்கிடப்படுவது. தீவுகள் அதற்குப் பத்துப் பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் கடிகாரத்தைவிடச் சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. மே, ஜூன் மாதங்களில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். வீட்டுக்காரர் எழுந்து காபி குடிப்பதற்குள் கிழக்கு ஜன்னல் செடி இரண்டு மணி நேர வெயிலைச் சாப்பிட்டு முடித்திருக்கும். தைமுக்குத் தினம் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மழைக்கால மேகமூட்டத்தில் அது கிடைக்காது. வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் செடிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் ஒப்பேற்றலாம்.

அடுத்தது தொட்டி. பிளாஸ்டிக் வேண்டாம், ஆறு அங்குல மண் தொட்டி, அடியில் தாராளமான துளையோடு. மண் தொட்டியின் உடம்பே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். பூச்சு பூசி, வண்ணம் அடித்த தொட்டிக்கு அந்தக் குணம் இல்லை. உள்ளே போடும் மண்ணில் பாதிக்குப் பாதி சல்லி இருக்க வேண்டும். உடைந்த செங்கலையும் ஓட்டுச் சில்லையும் தட்டிச் சலித்தால் அருமையான சல்லி கிடைக்கும். கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம், அதில் உப்பு. தவிர, மணல் அரிப்பு தீவுகளில் விளையாட்டு விஷயமல்ல. தைம் சுண்ணாம்பு மண்ணை விரும்பும் செடி. மழை மிகுந்த ஊர் மண்ணில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய்ப் புளிப்பு ஏறியிருக்கும். கரையோரம் கிடக்கும் பவழத் துண்டைப் பொடித்துப் போட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. பவழம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. முட்டை ஓட்டுப் பொடி போதும். இல்லாவிட்டால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் சுண்டைக்காயளவு எடுத்து ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம், வருடத்துக்கு இரண்டு முறை.

தண்ணீர் விஷயத்தில் நாள் கணக்கு உதவாது. பிப்ரவரி, மார்ச்சில் மூன்று நாளைக்கு ஒருமுறை கேட்கும் அதே தொட்டி, ஜூலையில் பத்து நாளானாலும் கேட்காது. கை கணக்கே சரி. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வையுங்கள். இன்னும் சுலபமான வழி, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நாலைந்து முறை தூக்கினால் காய்ந்த தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வெளிவரும் அளவு ஊற்றுங்கள். அடியில் வைத்த தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீர் தைமுக்கு நஞ்சு, டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

காற்று தண்ணீரைவிட முக்கியம். மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்த தைம் புழுங்கிச் சாகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், சாரல் அடித்தால் ஒரு முழம் உள்ளே நகர்த்துங்கள். மின்விசிறிக் காற்று படுவது நல்லது. சமையலறை மேடையில், குக்கர் ஆவி விடுகிற இடத்தில் வைப்பது அழகாகத்தான் இருக்கும். செடிக்கு அது நீராவிக் குளியல். மண்ணின் மேல் விரலளவு கனத்துக்குச் சிறு கல் பரப்பிவிட்டால் கீழ் இலைகள் ஈர மண்ணில் படியாது.

உரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: பட்டினி. தைமின் மணம் இலையின் மேல் உள்ள சிறுசிறு எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. கஷ்டப்பட்டு வளரும் செடியில் மணம் அதிகம். சாணமும் உரமும் தின்று கொழுத்த செடியில் இலை அதிகம், வாசனை குறைவு. நட்ட வருடத்தில் ஒரு கைப்பிடி மட்கிய இலை உரம், அவ்வளவுதான். பறிக்கும்போது நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. இலையில்லாத அடிக்கட்டை வரை வெட்டினால் அங்கிருந்து மறுபடி துளிர்ப்பது சந்தேகம்.

எங்கிருந்து கொண்டுவருவது? நீலகிரியில் தைம், ரோஸ்மேரி இரண்டும் பயிராகின்றன. ஊட்டியிலும் பெங்களூரிலும் நாற்றுப் பண்ணைகளில் சிறு தொட்டிகளில் கிடைக்கிறது. ஆசையாக மண்ணோடு வாங்கித் தீவுக்குக் கொண்டுபோகத் தோன்றும். வேண்டாம், விதையாகக் கொண்டுபோங்கள். மண்ணோடு போகும் செடி தனியாகப் போவதில்லை. இன்று அந்தமான் தோட்டங்களில் பப்பாளியையும் காய்கறியையும் மொட்டையடிக்கும் ஆப்பிரிக்கப் பெரு நத்தை, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்திருந்த காலத்தில் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். ஜப்பானியர் 1945ல் போய்விட்டார்கள், நத்தை போகவில்லை.

தைம் விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மண்ணைப் போட்டு மூடாமல் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்தமானில் இதற்குச் சரியான மாதம் ஜனவரி. மழை விட்டு, வெயிலும் காற்றும் சேர்ந்து வரும் நான்கு மாதம் கையில் இருக்கும். மே மாத மழைக்குள் செடி கட்டையேறிவிடும். ஒரு செடி தேறிவிட்டால் அடுத்த ஜனவரியில் விரல் நீளக் குச்சிகளை ஒடித்து, கீழ் இலைகளை உருவி, ஈரச் சல்லியில் செருகிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மழைக்காலத்தில் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்க வேண்டும். இந்த ஊரில் தைமை வருடாவருடம் புதுப்பிக்கும் பயிராக நினைத்துக்கொள்வதே நிம்மதி.

மற்ற ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர், கோவை வாசகர்களுக்கு இத்தனை பாடு இல்லை. டெல்லியில் அக்டோபர் முதல் மார்ச் வரை தைம் மொட்டை மாடியிலேயே சுகமாக வளரும். வெயில் சுட்டெரிக்கும் மே மாதத்தில் நிழல் வேண்டும். மும்பை, கொச்சி, கொல்கத்தா வாசகர்கள் மழைக்காலத்தில் தங்களை அந்தமான்வாசிகளாகவே பாவித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பிரயத்தனமும் எதற்காக? ஒரு மணத்துக்காக. அந்த மணத்தின் பெயர் தைமால். 1719ல் காஸ்பர் நாய்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் தைம் எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். செடியின் பெயரே பொருளுக்கும் வந்தது. கிருமியைக் கொல்லும் குணம் அதற்கு உண்டு. வாய் கொப்பளிக்கும் லிஸ்டரினில் இன்றும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு மருந்தாக இருந்ததும் அதுதான்.

இங்கேதான் வேடிக்கை. உலகச் சந்தைக்கான தைமால் அந்தக் காலத்தில் பெருமளவு தைமிலிருந்து வரவில்லை. நம் ஓமத்திலிருந்து வந்தது. முதல் உலகப்போருக்கு முன்பு இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே வடித்துத் தைமாலாக்கி உலகத்துக்கு விற்றார்கள். 1914ல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது, தைமாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெயர் ஐரோப்பியச் செடியுடையது. சரக்கு நம் அஞ்சறைப் பெட்டியுடையது.

ஓமவல்லியில் தூக்கலாக இருப்பது கார்வக்ரால் என்ற பொருள். கூடவே தைமாலும் இருக்கும். இரண்டும் ஒரே அளவு கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தவை. ஒரே குடும்பம், ஒரே திண்ணை. உட்காரும் இடம்தான் கொஞ்சம் தள்ளி. அதனால்தான் மூன்றையும் மோந்து பார்த்தால் தூரத்து உறவு தெரிகிறது.

வேதியியல் வருவதற்கு முன்பே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிட்டது. தமிழில் 'ஓமவல்லி' என்றால் ஓமம் போல் மணப்பது. கற்பூரம் நினைவுக்கு வந்தவர்கள் 'கற்பூரவல்லி' என்றார்கள், சிங்களத்தில் கப்பறவள்ளிய. போர்ட் பிளேர் கடைத்தெருவின் இந்தியில் 'அஜ்வைன் பத்தா', அதாவது ஓம இலை. பூமியின் அந்தப் பக்கம், கரீபியன் கடலில் டிரினிடாட் தீவிலும் இதே செடி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அங்கே இதன் பெயர் என்ன தெரியுமா? 'ஸ்பானிஷ் தைம்'. அந்தமானைப் போலவே மழையும் புழுக்கமும் கொண்ட தீவுகளில், தைம் மணத்தை நினைவில் வைத்திருந்த மனிதர்கள் இந்தத் தடித்த இலையைக் கிள்ளி மோந்துவிட்டு 'இதுவும் தைம்தான்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நான் அகராதிகளோடு மல்லுக்கட்டிய கேள்விக்கு அவர்கள் சமையலறையில் பதில் சொல்லி முடித்திருக்கிறார்கள்.

தைமுக்குச் செய்த சேவகத்தில் பத்தில் ஒரு பங்கு ஓமவல்லிக்குப் போதும். ஒரு தண்டை ஒடித்துச் செருகினால் பத்து நாளில் வேர்விடும். தண்ணீர் தேங்காத தொட்டி, காலை வெயில், தாழ்வாரத்து மறைப்பு. அதன் சதைப்பற்றான தண்டும் கொட்டும் மழையில் அழுகும், ஆனால் மன்னிக்கத் தெரிந்த செடி. மிச்சமிருக்கும் ஒரு கணுவிலிருந்து மறுபடி எழுந்துவிடும். பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் மட்டும் என்று அதை ஒதுக்கிவைத்திருக்கிறோம். கால் கிலோ மீனுக்கு ஒரு பெரிய இலையைப் பூண்டோடு அரைத்துத் தடவிப் பாருங்கள். ஒன்றுதான், இரண்டு வேண்டாம். தைமைவிட அதன் குரல் உரக்க ஒலிக்கும். சளிக்குக் கஷாயம் வைப்பது பாட்டிமார் வழக்கம்தான். ஆனால் கைக்குழந்தைக்குக் காய்ச்சலோ மூச்சிரைப்போ என்றால் தொட்டியைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

அந்தமான் தொட்டிக்கு உரிய இன்னொரு செடி 'பர்மா தனியா'. வாள் மாதிரி நீண்டு, ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் இலை. மணம் அச்சாகக் கொத்தமல்லி. கொஞ்சம் முரட்டுக் கொத்தமல்லி. நம் கொத்தமல்லி புழுக்கத்தில் சீக்கிரம் பூத்துவிடும், பெருமழையில் படுத்துவிடும். பர்மா தனியாவுக்கு நிழலும் ஈரமும்தான் பிடிக்கும். வீட்டு நிழல் விழும் மூலையில், தைம் ஒருநாள்கூடத் தாங்காத இடத்தில், அது மாதக்கணக்கில் இலை கொடுக்கும். நடுவில் எழும் பூத்தண்டைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கும் குழம்பில் போட்டாலும் மணம் ஓடிவிடாது. கராச்சர்மாவில் 1978 முதல் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பற்றிய ஆய்வுகள் செய்திருக்கிறது.

இதன் பெயர்களைத் தொகுத்தாலே ஒரு கட்டுரை ஆகும். அந்தமானுக்கு பர்மாவோடு பழைய உறவு. பர்மியக் கைதிகள் வந்தார்கள். 1925ல் கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் பக்கம் வெபி என்ற ஊரை உண்டாக்கிக் குடியமர்ந்தார்கள். ஆகவே இங்கே இது பர்மா தனியா. மணிப்பூரிலும் அதன் பெயருக்கு பர்மியக் கொத்தமல்லி என்றே பொருள். கேரளத்தில் இதையே 'ஆப்பிரிக்கன் மல்லி' என்கிறார்கள். உண்மையில் செடியின் பூர்வீகம் பர்மாவும் இல்லை, ஆப்பிரிக்காவும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி, கரீபியன் தீவுகள் உட்பட. டிரினிடாட்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன இந்தியர்களின் சந்ததியினர் இதை 'பந்தானியா' என்கிறார்கள். காட்டுத் தனியா என்று அர்த்தம். ஊரிலிருந்து கொத்தமல்லி நினைவை மட்டும் கொண்டுபோனவர்கள், அந்த மண்ணில் கண்ட செடிக்கு அதைச் சூட்டிவிட்டார்கள்.

ஆக, உலகத்தின் இரு கோடிகளில் இரண்டு தீவுக் கூட்டங்கள். இரண்டின் கொல்லையிலும் அதே இரண்டு செடிகள். டிரினிடாட்டில் மீனுக்கும் கறிக்கும் தடவும் பச்சை மசாலாவில் பந்தானியாவும் ஸ்பானிஷ் தைமும் பூண்டும் சேர்ந்து அரைபடுகின்றன. அந்தமானில் கிடைக்கும் மீனின் ருசிக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டணி வேறு இல்லை. பர்மா தனியா நாலு இலை, ஓமவல்லி ஒன்று, பூண்டு, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு. பத்து நிமிட வேலை. தைம் கேட்ட பிள்ளைகளுக்கு முதலில் இதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இது ருசியைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு மூன்று நாள் ஆகும். நீல் தீவு (2018 முதல் ஷாஹீத் த்வீப்) காய்கறிக்குப் பெயர் போனதுதான். இருந்தாலும் உருளைக்கிழங்கு, வெங்காயத்தில் ஆரம்பித்துப் பல சரக்குகளுக்குத் தீவுகள் இந்தியப் பெருநிலத்தைத்தான் நம்பியிருக்கின்றன. வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் கப்பல் புறப்படாது. சந்தையில் விலை புறப்பட்டுவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் முதலில் மறைவது கொத்தமல்லி மாதிரியான பச்சை இலைகள். வயதானவர்களுக்கு இன்னும் கடுமையான நினைவுகள் வழிவழியாக வந்திருக்கின்றன. 1942 மார்ச்சிலிருந்து 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் கடல்வழி அடைபட்டு, தீவுகள் பட்டினியைப் பார்த்தன.

2004 டிசம்பர் 26 சுனாமி வேறொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. தெற்கு அந்தமானில் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் வந்து நின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களையும் அந்த அலை விட்டுவைக்கவில்லை. உப்பேறிய தாழ்நிலத்தை மீட்க விஞ்ஞானிகள் சொன்ன வழிகளில் ஒன்று எளிமையானது: அகலமான மேட்டுப் பாத்தி, பக்கத்தில் வாய்க்கால். மேட்டில் விழும் மழை உப்பைக் கழுவி வாய்க்காலுக்குக் கொண்டுபோகும். மேட்டில் காய்கறி விளையும். தொட்டிச் செடி என்பதும் அதேதான், ஜன்னலில் வைத்த ஒரு சிறு மேட்டுப் பாத்தி. கீழே நிலம் எப்படி இருந்தாலும், வடிகாலும் மண்ணும் நம் கையில்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள், கரேன்கள், நிக்கோபாரிகள் என்று எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கும் ஊர் அது. அங்கே ஒருவர் வீட்டுச் செடி இன்னொருவர் வீட்டுக்குப் போகும்போது பெயர் மாறும், மணம் மாறாது. ஓமவல்லித் தண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு பர்மா தனியா நாற்று ஒன்றை வாங்கிக்கொள்ள எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

அதற்காகத் தைம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்பரிடம் நான்கு தொட்டிக்கு இடமிருக்கிறதாம். கிழக்கு ஜன்னலில் காற்றோட்டமான இடத்தை அந்த மத்தியதரைக்கடல் விருந்தாளிக்குக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஓமவல்லி. மீதி இரண்டு, வெயில் எட்டாத தரையில், பர்மா தனியாவுக்கு. பிள்ளைகள் பீட்சாவில் தூவத் தைம் இருக்கும். அக்டோபரில் புயல் எச்சரிக்கைக் கொடி ஏறி, கப்பல் சென்னைத் துறைமுகத்திலேயே நின்றுவிட்டால், குழம்பில் போட மற்ற மூன்று தொட்டிகள் இருக்கும்.